பச்சைப் பலகையின் மழைக்காரர்

சிக்னலில் வண்டி நின்றதும் மழைக்காரர் கண்ணை மூடிக்கொள்வார். தூங்குகிறார் என்று பக்கத்து வண்டிக்காரர் நினைப்பார். இவரோ மூக்கை மட்டும் ஜன்னலுக்கு வெளியே நீட்டி, நாலு பக்கமும் நிற்கும் வண்டிகளை ஒவ்வொன்றாக மோந்து பார்த்துக்கொண்டிருப்பார். "முன்னாடி டவுன் பஸ். டீசலை வேகவைக்காம அப்படியே வெளிய தள்ளுது. இந்தப் பக்கம் ஒரு கிழட்டு பைக், எண்ணெய் மாத்தி ஒரு மாமாங்கம் ஆச்சு. பின்னாடி ஸ்கூல் வேன், கிளட்ச் தேஞ்சு கருகுது" என்று தனக்குத் தானே சொல்லிவிட்டுக் கண்ணைத் திறப்பார். பெரும்பாலும் சரியாக இருக்கும். தப்பினால் காற்றின் திசை மாறிவிட்டது என்பார். மூக்கின் மேல் மட்டும் பழி போட மாட்டார்.

மச்சினிச்சிக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்திலும் இதே கதைதான். படிப்பு என்ன, உத்தியோகம் என்ன என்று மற்றவர்கள் துருவிக்கொண்டிருக்க, இவர் பையனிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "தம்பி, உங்க பைக்கைக் கொஞ்சம் ஸ்டார்ட் பண்ணுங்க பாப்போம்." நீலப் புகை வந்தது. மழைக்காரர் எழுந்துவிட்டார். "எஞ்சினுக்கு எண்ணெய் மாத்த மனசு வராதவன் கட்டிக்கப் போறவளுக்கு என்னத்தைச் செஞ்சு கிழிப்பான்?" அந்தச் சம்பந்தம் அதோடு போயிற்று. அடுத்து வந்த மாப்பிள்ளை சைக்கிளில் வந்தார். புகையே இல்லை. மழைக்காரர் அங்கேயே பேசி முடித்துவிட்டார். அந்த மாப்பிள்ளை இன்றைக்கும் சைக்கிளில்தான் போகிறார் என்பது மட்டும் மச்சினிச்சிக்குக் குறை.

மூக்கு இப்படியென்றால் தொழிலும் அதற்கு ஏற்றாற்போல் வாய்த்திருக்கிறது. மாநகராட்சியில் அவர் ஓட்டுவது தண்ணீர் தெளிக்கும் லாரி. முதுகில் ஒரு பெரிய தொட்டி. அதன் மேல் வானத்தைப் பார்த்து வாயைத் திறந்திருக்கும் ஒரு தெளிப்பான். லீவரைத் தள்ளினால் சாரல் எழும்பித் தூசியையும் புகையையும் நனைத்துக் கீழே கிடத்திவிடும் என்பது ஏற்பாடு. டெப்போவில் அந்த வண்டிக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. தெருவில் அது மழை வண்டி, ஓட்டுகிறவர் மழைக்காரர். பைக்கில் போகிறவர்கள் தொப்பலாக நனைந்துபோய், "யோவ், இப்பதான்யா குளிச்சிட்டு வர்றேன்!" என்று கத்துவார்கள். "நானும் குளிச்சிட்டுதான் வந்தேன் தம்பி, அதுக்கு என்ன இப்போ?" என்பார் மழைக்காரர். இந்தப் பதிலில் என்ன நியாயம் இருக்கிறது என்று அவர்கள் யோசிப்பதற்குள் வண்டி நகர்ந்துவிடும்.

நகரும் என்றா சொன்னேன்? ஊரும். சாரல் சரியாக விழ வேண்டுமானால், நடந்து போகிற ஆள் முந்திக்கொண்டு போகும் வேகத்தில்தான் லாரியை ஓட்ட வேண்டும். பின்னால் பஸ், வேன், கார், குப்பை வண்டி, சிலிண்டர் ஏற்றிய டெம்போ, இண்டு இடுக்கெல்லாம் பைக் என்று ஒரு ஊர்வலமே சேர்ந்துவிடும். எல்லாம் முதல் கியரில் முனகிக்கொண்டு, புகையைக் கக்கிக்கொண்டு, ஹாரனை அலறவிட்டுக்கொண்டு வரும். புகையைக் குறைக்கப் போகிற வண்டியின் வாலிலேயே இவ்வளவு புகையா என்று யாராவது கேட்டால் அவருக்குச் சுருக்கென்று கோபம் வரும். "அதனாலதானே ரெண்டாவது சுத்து வர்றேன்?" என்பார்.

எல்லாச் சாலையும் அவருக்கு ஒன்றல்ல. நாற்சந்தியில் ஒரு கம்பம் இருக்கிறது. அதன் உச்சியில் காற்றை உறிஞ்சி அளக்கிற பெட்டி. அதற்குக் கீழே ஒரு பலகை. அதில் எண் ஓடும், காற்று கெடக் கெட ஏறும். காற்று நன்றாக இருந்தால் எண் பச்சை, சுமார் என்றால் மஞ்சள், மோசம் என்றால் சிவப்பு. மழைக்காரர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் காற்று அலுவலகத்து இன்ஜினியர் அவரைக் கூப்பிட்டு, "மத்த ரோடெல்லாம் உங்க சௌகரியம் டிரைவர். அந்தப் பெட்டியைச் சுத்தி மட்டும் ஈரம் காயவே கூடாது, புரியுதா?" என்றார். ஏன் என்று மழைக்காரர் கேட்கவில்லை. அவ்வளவு படித்தவர் சொன்னால் காரணம் இல்லாமலா இருக்கும்? அன்றிலிருந்து தொட்டித் தண்ணீரில் முக்கால்வாசி அந்தக் கம்பத்தடியிலேயே போயிற்று.

சில நாளில் பலகை பச்சையானது. மழைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. ஊர்க் காற்றையே தான் ஒண்டியாளாகத் துவைத்துக் காயப்போட்டுவிட்டதாக நம்பினார். மற்ற டிரைவர்கள் வேலை முடிந்ததும் சாவியை மேசையில் விட்டெறிந்துவிட்டுப் போவார்கள். இவர் ஏணி வைத்து ஏறி, பலகையின் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத்தான் போவார். அலுவலகம் கொடுத்த முகக்கவசத்தைப் பிரிக்காமலே டிராயரில் போட்டுவிட்டார். "நானே மாஸ்க் போட்டா ஜனங்க போர்டை எப்படி நம்புவாங்க?" நிஜ மழை பெய்தால் அவருக்கு ஆகாது. அன்றைக்கு அவர் உதவி இல்லாமலே பலகை பச்சையாகிவிடும். டெப்போ வாசலில் நின்று வானத்தை முறைத்துப் பார்ப்பார். "நம்ம பொழப்புல கை வைக்குது பாரு."

வீடு அதே சாலையில்தான், நாற்சந்திக்குக் கூப்பிடு தூரம். கீழே பஞ்சர் கடை, மேலே இவர்கள். சாலையைப் பார்த்த ஜன்னலோரம் தையல் மெஷின் போட்டிருக்கும். அவர் வீட்டம்மா பள்ளிக்கூடச் சட்டை தைக்கிறவர்; மடி நிறைய எப்போதும் வெள்ளைத் துணி. சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு உண்டு, எப்போதாவது தலைகாட்டிவிட்டுப் போகும். மாலையில் மழைக்காரர் படியேறும்போதே, "இன்னிக்கும் பச்சை!" என்று குரல் கொடுப்பார். மெஷினை மிதித்தபடியே பதில் வரும்:

"ஆமாமா. காய்ச்சக்காரப் புள்ள அங்க படுத்துக் கெடக்கு. நீங்க தெர்மாமீட்டரைப் பச்சத்தண்ணியில முக்கி எடுத்துட்டு, காய்ச்சல் இறங்கிடுச்சு இறங்கிடுச்சுன்னு குதிங்க."

"உனக்குப் பொறாமை" என்பார் மழைக்காரர். எதன் மேல் பொறாமை என்று அந்த அம்மாவும் கேட்டதில்லை, இவரும் சொன்னதில்லை.

பலகையின் புகழ் பரவியது. வீட்டுத் தரகர்கள் வாடகைக்கு வருகிறவர்களை நேரே பலகைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, மூச்சை நன்றாக இழுத்து விடச் சொன்னார்கள். இதைப் பார்த்த பிறகு வீட்டுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? வாடகையை ஏற்றினார்கள், மழைக்காரருக்கும் ஏறியது. தான் விளைவித்த காற்றுக்குத் தானே விலை கொடுக்கிறோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை, பெருமையாகத்தான் இருந்தது. காலை வேளைகளில் யார் யாரோ தொலைவிலிருந்து காரில் வந்தார்கள். ஓடிக்கொண்டிருக்கும் காரை டிரைவரிடம் விட்டுவிட்டு, கம்பத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். நல்ல காற்று வாங்கிய திருப்தியோடு மறுபடி காரில் ஏறிப் போனார்கள்.

ஒரு நாள் அலுவலகத்தில் பெரிய கூட்டம். மழைக்காரரையும் வரச் சொல்லியிருந்தார்கள். டிரைவர்களை அங்கே கூப்பிடுகிற வழக்கமே இல்லை. இஸ்திரி போட்ட சட்டையும் அவருமாக இரண்டாம் வரிசையில், கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். நகரத்திலேயே சுத்தமான காற்று உள்ள சந்திப்பு எது என்று மேடையில் அறிவித்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு இன்ஜினியர் மைக்கைப் பிடித்தார். வெளிவட்டச் சாலையைப் பாலத்துக்காகத் தோண்டப் போகிறார்கள். அந்த வழியாகப் போகும் லாரிகளையும் வெளியூர்ப் பஸ்களையும் எந்தப் பக்கம் திருப்புவது என்பதுதான் பிரச்சினை. "ஏற்கனவே காத்து கெட்டுப் போன இடத்துல மேல மேல ஏத்த முடியாது. எங்க இடம் பாக்கி இருக்கோ அங்கதான் விடணும். நம்ம நாற்சந்தி தாங்கும்" என்றார் அவர். பலகை சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம் சிவப்பாக இருந்தால் லாரிகளை வேறு வழியில் திருப்பியே ஆகவேண்டும் என்று விதி இருக்கிறதாம். அந்த நாற்சந்தியில் அதற்கு வேலையே வராதாம். தன் நாற்சந்தியின் பேர் அடிபட்டதுமே மழைக்காரர் கைதட்ட ஆரம்பித்துவிட்டார். அரங்கில் முதலில் தட்டியவரும் அவர்தான், கடைசியாக நிறுத்தியவரும் அவர்தான்.

பஸ்ஸில் வீடு திரும்பும்போது பாதி வழியில்தான் விஷயம் உறைத்தது. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டார்.

சொன்னபடியே லாரிகள் வந்தன. மணல் லாரி, சிமெண்ட் கலவையை வயிற்றில் உருட்டிக்கொண்டு வரும் வண்டி, கன்டெய்னர், இரும்புக் கம்பி பின்னால் துருத்திக்கொண்டிருக்கும் டிரெய்லர், திரை போட்ட வெளியூர்ப் பஸ். ஏற்கனவே இருந்த டவுன் பஸ்ஸும் வேனும் காரும் பைக்கும் இவற்றுக்கு வழிவிட்டு எங்கேயும் போய்விடவில்லை. சாலை அடைத்துக்கொண்டது. பஞ்சர் கடைக்காரர் ஒருவர்தான் சந்தோஷப்பட்டார், அதுவும் நிலைக்கவில்லை. பஞ்சரான வண்டி எதுவும் நெரிசலைத் தாண்டி அவர் கடைக்கு வந்து சேர முடியவில்லை.

மாடி ஜன்னல் கம்பியில் விரலை வைத்தால் மை ஒட்டியது. வெள்ளைச் சட்டைக்குக் காலர் வைத்து முடிப்பதற்குள் தோள்பட்டை சாம்பல் பூத்தது. சட்டை வாங்க வந்த ஒரு பெண், "என்னக்கா இது, புதுசு தைக்கக் குடுத்தா பழசு வருது?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டுப் போனாள். ஜன்னலைச் சாத்தினால் தைக்க வெளிச்சமில்லை, திறந்தால் மூச்சில்லை. எப்போதோ ஒரு தடவை தேடி எடுக்கிற பொருளாக இருந்த இன்ஹேலர், இப்போது கத்தரிக்கோலுக்குப் பக்கத்திலேயே குடியிருந்தது. மழைக்காரரால் வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே எந்த லாரி போகிறது, அதற்கு என்ன கோளாறு என்று சொல்லியிருக்க முடியும். சொல்லவில்லை. காதில் விழுந்ததெல்லாம் மனைவியின் நெஞ்சிலிருந்து வரும் விசில் சத்தம்தான்.

இத்தனைக்கும் பலகை பச்சையாகவே இருந்தது. லாரிகள் வந்த நாளிலிருந்து அவருக்குத் தண்ணீரைக் கூட்டிக் கொடுத்திருந்தார்கள். தெருக்காரர்கள் கூட்டமாகப் போய்ப் புகார் சொன்னால், "போர்டைப் பாத்துட்டுதான் பேசுறீங்களா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் மழைக்காரரே தயங்கித் தயங்கி இன்ஜினியரின் அறைக்குள் நுழைந்தார்.

"சார், என் சம்சாரத்துக்கு மூச்சு விடவே முடியலை சார்."

"அடடா. எந்த ஏரியா உங்களுக்கு?"

சொன்னார். இன்ஜினியரின் முகம் மலர்ந்தது.

"நம்ம நாற்சந்தி பக்கமா? குடுத்து வச்சவர்யா நீங்க! ஊர்லயே நல்ல காத்து அங்கதானே இருக்கு. இது வேற ஏதோ கோளாறு. நல்ல டாக்டரா பாருங்க."

"இல்ல சார், காத்துதான் நல்லா இல்லை."

"போர்டு பச்சையா இருக்கா, இல்லையா?"

"இருக்கு சார்."

"அப்புறம் என்ன?"

அதைப் பச்சையாக்குவதே நான்தான் சார் என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. இத்தனை நாளும் மார்தட்டிச் சொல்லிவந்த விஷயம் அது. அதையே புகாராக எப்படிச் சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை. "சரிங்க சார்" என்று வெளியே வந்துவிட்டார்.

அந்த வாரமே வீட்டம்மாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டி வந்தது. நெபுலைசர் வைத்து மூச்சைச் சரிப்படுத்திய டாக்டர், அந்த வீட்டில் இனி இருக்கக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். தங்கையின் வீடு, அதுதான் அந்தச் சைக்கிள்காரர் வீடு, ஊரின் விளிம்பில் இருந்தது. வீட்டம்மா மெஷினுக்கு உறை போட்டார். பாதி தைத்த சட்டைகளை மூட்டை கட்டினார். அவர் போகிற இடமெல்லாம் மழைக்காரரும் பின்னாலேயே அலைந்தார்.

"எப்போ வருவே?"

"உங்க போர்டு என்னிக்குச் சிவப்பாகுதோ அன்னிக்குப் போன் பண்ணுங்க. அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வந்துடுறேன்."

"இது என்ன பேச்சு? ஊர் நாசமாகணும்னு யாராவது நினைப்பாங்களா?"

"நான் ஒண்ணும் நினைக்கலை." இருமல் அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று. "அது சிவப்பாத்தாங்க இருக்கு. நீங்கதான் காட்ட விட மாட்டேங்கிறீங்க."

மனைவியை அங்கே விட்டுவிட்டு வந்து, காலி வீட்டில் அந்த மெஷின் உறைக்கு எதிரே உட்கார்ந்த மழைக்காரர் அழுதார். மனைவி போன துக்கம் பாதி. தன் வாழ்நாளில் உருப்படியாகச் செய்ததாக நினைத்த ஒரே காரியம் தன் வீட்டுக்காரியின் கழுத்தையே நெரித்திருக்கிறது என்ற துக்கம் மீதி.

மறுநாள் நாற்சந்தியில் ஒரு சுற்றைக் குறைத்துப் பார்த்தார். மதியத்துக்குள் பலகை மஞ்சளாகிவிட்டது. பாதகம் செய்துவிட்டவர் போல் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உடனே போன் வந்தது. "என்ன டிரைவர், மஞ்சள் காட்டுது? தண்ணி இல்லையா, ஆள் இல்லையா?" அன்று மாலையே கம்பத்தடியில் நாற்காலி போட்டு ஒரு மேற்பார்வையாளரை உட்கார வைத்துவிட்டார்கள். மழை வண்டி வருகிறதா, லீவர் திறக்கிறதா என்று அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். மழைக்காரர் லீவரைத் தள்ளினார். பலகை பச்சையாயிற்று.

அதற்குப் பிறகு ஒரு காலை. ஆபீஸுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிற வண்டிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் நேரம். வழக்கம்போல் ஊர்ந்து வந்த மழை வண்டி நாற்சந்திக்குள் நுழைந்து, கம்பத்தை ஒட்டிக் குறுக்கே திரும்பி, எந்தப் பக்கமும் வழி இல்லாதபடி நின்றது. ஒரு குலுக்கல், ஒரு பெருமூச்சு, எஞ்சின் அணைந்தது. எஞ்சினோடு சேர்ந்து தெளிப்பானும் ஓய்ந்தது.

மேற்பார்வையாளர் பதறியடித்து ஓடிவந்தார். "என்னய்யா ஆச்சு?"

"டீசல் ஏறலை சார். பழைய வண்டி." வண்டி எவ்வளவு பழசென்று எல்லோருக்கும் தெரியுமாதலால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மழைக்காரர் பானட்டைத் தூக்கித் தலையை உள்ளே விட்டுக்கொண்டார். ஒரு நட்டை இறுக்கினார். பிறகு அதையே தளர்த்தினார். மறுபடி இறுக்கினார்.

நாலு சாலையிலும் வண்டிகள் அடைத்துக்கொண்டன. லாரியின் கரும்புகையும் பைக்கின் நீலப்புகையும் கலந்து கம்பத்தைச் சுற்றி எழும்பின. பலகை மஞ்சளாயிற்று. அப்புறம் சிவப்பாயிற்று. மேற்பார்வையாளர் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தார். இழுவை வண்டி அப்போதே கிளம்பிவிட்டதாம். இதே நெரிசலில் எங்கேயோ மாட்டிக்கொண்டு நிற்கிறதாம். பஞ்சர் கடைக்காரர் மூக்கில் துண்டை அழுத்திக்கொண்டு வந்து, "அண்ணே, எங்களை உயிரோட கொல்றீங்களே!" என்று கத்தினார். மழைக்காரர் நிமிரவில்லை. காது மட்டும் சிவந்தது.

சிவப்பாகி அரை மணிக்கு மேலாயிற்று. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார், மனைவியின் நம்பரைப் பார்த்தார், அழைக்காமல் திரும்பப் போட்டுக்கொண்டார். விதிப்படி ஒரு மணி நேரம் முழுசாக ஆகட்டும்.

அந்தச் சமயத்தில்தான் பின்னாலிருந்த இரைச்சல் கொஞ்சம் குறைந்தாற்போல் இருந்தது. நேர் பின்னால் நின்ற மணல் லாரிக்காரர் நல்ல மனுஷர். எப்படியும் நகரப் போவதில்லை, டீசலையாவது மிச்சம் பிடிப்போம் என்று எஞ்சினை அணைத்துவிட்டார். அவரைப் பார்த்து அடுத்திருந்த பஸ்காரரும் அணைத்தார். அவருக்குப் பக்கத்து வேன்காரரும் சாவியில் கை வைத்தார். பலகையில் எண் ஒன்றிரண்டு இறங்கியது.

மழைக்காரர் பானட்டுக்குள்ளிருந்து தலையை உருவினார். கிரீஸ் கையைச் சட்டையில் துடைத்தபடி அவசர அவசரமாக மணல் லாரிக்குப் போய், டிரைவரை அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்.

"அணைச்சு வைக்காதீங்கண்ணே. இதோ, இப்போ கிளம்பிடும்" என்று சொல்லி, பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, காற்றில் சாவியைத் திருகிக் காட்டினார்.